ஒவ்வாமை மருத்துவமும் நம் பால்மரமும்

"ஒவ்வுதல்" என்னும் வினைச்சொல் தமிழில் மிகப் பழையது. ஒன்றோடு ஒன்று பொருந்துதலையும் ஒத்துப்போதலையும் அது குறிக்கும். அதன் எதிர்மறையிற் பிறந்த "ஒவ்வாமை" என்னும் சொல், பொருந்தாமை என்னும் பொதுப்பொருளில் நெடுங்காலம் வழங்கிப் பின்னர் மருத்துவத் துறைக்கு வந்தது. இன்று "அலர்ஜி" என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் அதுவே. மேலைநாட்டார் வழங்கும் அச்சொல்லோ ஒரு நூற்றாண்டு வயதுடையது. வியன்னா நகரத்து மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே, "வேறு" என்றும் "செயல்" என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 1906 ஆம் ஆண்டில் அதனைப் படைத்தார். ஒரு பொருளை முன்னரே சந்தித்த உடல், மறுமுறை அதனைச் சந்திக்கும்போது வேறு வகையாகச் செயற்படுகிறது என்பது அவர் கண்ட உண்மை. நம் சொல் பொருந்தாமையைச் சுட்டுகிறது. அவர் சொல் மாறிய செயலைச் சுட்டுகிறது. இவ்விரு கருத்தும் சேர்ந்தாலன்றி இந்நோயின் இயல்பு விளங்காது.

உடலுக்கு ஒவ்வாததை விலக்குக என்பது நம் முன்னோர் நெறி. திருக்குறளில் "மருந்து" என்னும் 95 ஆம் அதிகாரம், மருந்துகளின் பெயர்களை அடுக்காமல், உடலோடு மாறுபடாத உணவையும் அளவையும் பற்றியே பெரிதும் பேசுகிறது. ஆயினும் விலக்க இயலாத பொருளாயின் என் செய்வது? மூச்சுக்காற்றோடு கலந்து வரும் மகரந்தத்தையும் தூசியையும் எங்ஙனம் விலக்குவது? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே ஒவ்வாமைக்கான தடுப்பாற்றல் சிகிச்சை. எப்பொருள் நோயைத் தருகிறதோ அப்பொருளையே மிக நுண்ணிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, உடலை அதனோடு ஒத்துப்போகச் செய்வது அம்முறை. முள்ளை முள்ளால் எடுப்பது போன்றது என்று இதனைச் சொல்லலாம். ஆனால் முள்ளெடுக்கும் கைக்கு நிதானம் வேண்டும் என்பதை இதன் வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

அவ்வரலாற்றில் நம் பேராக் மாநிலத்துக்கும் ஒரு தொடர்புண்டு. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் வெட்டிய மரத்தின் பாலே, 1980களிலும் 1990களிலும் உலக மருத்துவமனைகளில் ஓர் ஒவ்வாமைப் பெருஞ்சிக்கலாக உருவெடுத்தது. ஆகவே முதலில் சிகிச்சையின் வரலாற்றையும், அடுத்துப் பால்மரத்தின் கதையையும் காண்போம். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதுதான் ஒவ்வொன்றின் பாடமும் தெளிவாகும்.

தம்மையே சோதித்த மருத்துவர்கள்

இலண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டக் ஆண்டுதோறும் கோடையில் கண்ணரிப்பும் தும்மலும் மூச்சுத்திணறலும் கொண்டு துன்புற்றார். தம் நோயின் குறிகளை 1819 ஆம் ஆண்டில் மருத்துவர் அவையில் விளக்கினார். பின்னர் இந்நோயுடைய வேறு சிலரையும் தேடிக் கண்டு, 1828 இல் மற்றோர் அறிக்கை அளித்தார். வைக்கோலின் மணத்தால் இது வருகிறது என்று பொதுமக்கள் கருதியதால் "வைக்கோல் காய்ச்சல்" என்னும் பெயர் நிலைத்தது. உண்மையில் இதில் காய்ச்சலும் இல்லை. இதற்கு வைக்கோலும் காரணமன்று.

காரணத்தைக் கண்டவர் மான்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் பிளாக்லி. அவரும் இந்நோயாளரே. புல்லின் மகரந்தத்தைத் தம் தோலைக் கீறி அதில் வைத்துப் பார்த்தார். அவ்விடம் தடித்து வீங்கியது. பட்டத்தில் ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகட்டைக் கட்டிப் பறக்கவிட்டு, உயரக் காற்றிலும் மகரந்தம் மிதப்பதை எண்ணிக் கணக்கிட்டார். அவருடைய நூல் 1873 இல் வெளிவந்தது. இன்று மருத்துவமனையில் தோலைச் சிறிது குத்திச் செய்யும் ஒவ்வாமைச் சோதனைக்கு அவரது கையே முதற்களம் எனலாம்.

இதற்கிடையே வேறு திசையில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எட்வர்ட் ஜென்னர் 1796 இல் அம்மைத் தடுப்புமுறையைக் கண்டது முதல், நோய்ப்பொருளை முன்கூட்டிச் சிறிது கொடுத்தால் உடல் காப்புப் பெறும் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. பிரெஞ்சு அறிஞர்களான சார்லஸ் ரிஷேயும் பால் போர்த்தியேயும் 1902 இல் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி அத்தகைய காப்பை உண்டாக்க முயன்றனர். முதல்முறை தப்பிப் பிழைத்த நாய், சில வாரங்கள் கழித்து மிகக் குறைந்த அளவை மீண்டும் பெற்றதும் சில நிமிடங்களில் மடிந்தது. காப்புக்கு மாறாக அழிவு நேர்ந்தது. இதற்கு அவர்கள் இட்ட பெயரே "அனாஃபிலாக்சிஸ்". காப்பின்மை என்னும் கருத்துடையது. இக்கண்டுபிடிப்புக்காக ரிஷே 1913 இல் நோபல் பரிசு பெற்றார். முன்கூட்டிக் கொடுத்த சிறு அளவு காக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும் என்ற இரட்டைத்தன்மை, ஒவ்வாமைச் சிகிச்சை பிறப்பதற்கு முன்பே இவ்வாறு வெளிப்பட்டுவிட்டது.

தவறான கருத்திற் பிறந்த சரியான முறை

இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஆல்ம்ராத் ரைட் என்பார் தலைமையில் தடுப்பூசித் துறை ஒன்று இயங்கிவந்தது. பின்னாளில் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங்கும் அத்துறையைச் சேர்ந்தவரே. அங்குப் பணியாற்றிய லெனர்ட் நூன், 1911 ஜூன் மாதம் "லான்செட்" இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். புல்லின் மகரந்தத்தை நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றை வைக்கோல் காய்ச்சல் உடையார்க்கு ஊசிவழியே படிப்படியாகச் செலுத்தியதன் விளைவு அதிற் கூறப்பட்டது. நோயாளரின் கண்ணில் மகரந்தச் சாற்றின் துளியை இட்டு, எவ்வளவு செறிவில் கண் சிவக்கிறது என்பதைக் கொண்டு அவரது தாங்குதிறனை அளந்தார். ஊசிகள் பெற்றபின் கண்ணைச் சிவக்கச் செய்ய மேலும் செறிந்த சாறு தேவைப்பட்டது. அஃதாவது உடல் தாங்கப் பழகியது.

மகரந்தத்தில் ஒரு நச்சு உள்ளது, அதற்கு உடல் மாற்றுப்பொருள் உண்டாக்கும் என்பதே நூன் கொண்ட கருத்து. அது பிழையென்று பின்னர்த் தெரிந்தது. மகரந்தம் நஞ்சன்று, நூற்றுக்குப் பெரும்பாலோரை அது ஒன்றும் செய்வதில்லை. சிலர் உடலின் மிகையான எதிர்ப்பே நோய். ஆயினும் அவர் கண்ட முறை நிலைத்தது. அதைவிடச் சிறப்பானது அவரது எச்சரிக்கை. அளவு மிகுந்தாலும், ஊசிகளுக்கிடையே உள்ள இடைவெளி குறைந்தாலும், தாங்குதிறன் கூடுவதற்கு மாறாகக் குறையும் என்று அவர் அன்றே குறித்தார். நூன் காசநோயால் 1913 இல் இளமையிலேயே மறைந்தார். அவருடைய பணியை உடன் ஆய்வாளர் ஜான் ஃபிரீமன் தொடர்ந்தார். அங்கிருந்து இம்முறை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது.

நோயின் உள்ளியக்கத்தை அறியும் முயற்சியும் உடன் நடந்தது. மீன் ஒவ்வாத மருத்துவர் ஹெயின்ஸ் கியூஸ்ட்னரின் குருதிநீரைத் தம் தோலில் செலுத்திக்கொண்டார், அவருடைய தோழர் கார்ல் பிரவுஸ்னிட்ஸ். பிரவுஸ்னிட்சுக்கு மீன் ஒவ்வாமை இல்லை. ஆயினும் மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்து எழுந்தது. 1921 இல் வெளியான இச்சோதனை, ஒவ்வாமையைச் சுமந்து செல்லும் ஒரு பொருள் குருதியில் உண்டு என்பதை நிறுவியது. அப்பொருள் இன்னது என்று காண மேலும் 45 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஜப்பானிய இணையரான கிமிஷிகே இஷிசாக்காவும் தெருக்கோ இஷிசாக்காவும் 1966 இல் அமெரிக்காவின் டென்வரிலும், ஜொஹான்சன், பென்னிச் ஆகியோர் 1967 இல் சுவீடனிலும் தனித்தனியே அதனைக் கண்டனர். உலகச் சுகாதார நிறுவனம் 1968 இல் அதற்கு "இம்யூனோகுளோபுலின் ஈ" என்று பெயரிட்டது.

இவ்வெதிர்ப்பொருள் நம் தோலிலும் மூக்கிலும் நுரையீரற் குழாய்களிலும் உள்ள "மாஸ்ட்" உயிரணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. ஒவ்வாத பொருள் வந்து அதைத் தொட்டதும் உயிரணு உடைபட்டாற்போல ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளிவிடுகிறது. அதனாலேயே தும்மல், தடிப்பு, திணறல் யாவும் விளைகின்றன. தடுப்பாற்றல் சிகிச்சை பெறுவோர் உடலில் காலப்போக்கில் "இம்யூனோகுளோபுலின் ஜி" வகையைச் சேர்ந்த வேறு எதிர்ப்பொருள்கள் பெருகி, ஒவ்வாத பொருளை வழியிலேயே மறிக்கின்றன. எதிர்ப்பை அடக்கியாளும் ஒருவகை வெள்ளணுக்களும் வலுப்பெறுகின்றன. காவலை நீக்காமல், யாரைத் தடுப்பது யாரை விடுவது என்று காவலனுக்குக் கற்பிப்பது போன்றது இது.

சிங்கப்பூர்ச் சிறையிலிருந்து சென்ற மருத்துவர்

ஊசி போட்டார்கள், நோய் குறைந்தது என்பது மட்டும் போதுமா? மகரந்தம் குறைந்த ஆண்டில் ஊசி இல்லாமலும் நோய் குறையும். மருந்து பெற்றோம் என்னும் நம்பிக்கையாலும் சிறிது குறையும். இவ்வையத்தை முறையாகத் தீர்க்க முனைந்தவர் வில்லியம் ஃபிராங்க்லண்ட். அவர் வாழ்வு மலாயா மண்ணோடு தொடர்புடையது. பிரிட்டிஷ் இராணுவ மருத்துவராக 1941 இன் இறுதியில் சிங்கப்பூர் வந்த அவர், 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் அந்நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் கைதியானார். மூன்றரை ஆண்டுகள் சாங்கியிலும், இன்று செந்தோசா எனப்படும் பிளாக்காங் மாத்தித் தீவிலும் பட்டினியோடும் நோயோடும் காலங்கழித்தார். நம் தோட்டத்துத் தமிழர் ஆயிரமாயிரமாய்ச் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட அதே ஆண்டுகள் அவை.

போர் முடிந்து இலண்டன் திரும்பிய ஃபிராங்க்லண்ட், நூன் பணியாற்றிய அதே செயின்ட் மேரி மருத்துவமனையில் சேர்ந்தார். ரோசா அகஸ்டின் என்னும் ஆய்வாளருடன் இணைந்து அவர் நடத்திய சோதனையின் முடிவு 1954 இல் வெளிவந்தது. நோயாளர் சிலருக்கு மகரந்தச் சாறு. சிலருக்கு மகரந்தமே இல்லாத நீர். யாருக்கு எது என்பது பருவம் முடிந்து கணக்கெடுக்கும்வரை வெளிப்படாது. மகரந்தப் புரதம் உண்மையாகவே பெற்றவர்களே மிகுதியாக நலமடைந்தனர். கண்டறிந்து 43 ஆண்டுகள் கடந்த பின்னரே இம்முறை தக்க சான்றைப் பெற்றது என்பது மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு மருந்து பழையது என்பதும், பலர் புகழ்வது என்பதும் சான்றாகா. ஃபிராங்க்லண்ட் 2020 இல், தம் 108 ஆம் வயதில் மறைந்தார்.

இதே படிப்பினையைக் குளவி மருத்துவமும் தந்தது. குளவி, தேனீ கொட்டினால் உயிர்போகும் நிலையுடையார்க்குப் பூச்சியின் முழுவுடலை அரைத்தெடுத்த சாற்றைப் பல பத்தாண்டுகள் ஊசியாகச் செலுத்திவந்தனர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1978 இல் மூன்று குழுவினரை ஒப்பிட்டுப் பார்த்தனர். தூய கொடுக்கு நஞ்சு பெற்றவர் ஏறத்தாழ அனைவரும் காப்புப் பெற்றனர். பூச்சிச்சாறு பெற்றவரோ வெறும் நீர் பெற்றவரைவிட மேம்பட்டிருக்கவில்லை. நல்ல முறையும் தவறான பொருளோடு சேர்ந்தால் பயனற்றுப்போம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எச்சரிக்கை மணி

நாய்களிடம் ரிஷே கண்ட அபாயம் மனிதரையும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டனில் 1957 முதல் இவ்வூசிகளால் 26 பேர் இறந்ததை 1986 இல் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு வெளியிட்டது. உயிர்மீட்புக் கருவிகள் உள்ள இடத்திலன்றி இவ்வூசியைப் போடலாகாது என்றும், போட்டபின் இரண்டு மணிநேரம் நோயாளரைக் கண்காணிக்க வேண்டும் என்றும் விதித்தது. (இக்காலம் பின்னர் ஒரு மணிநேரமாகக் குறைக்கப்பட்டது.) அதன்பின், இம்முறை பிறந்த நாட்டிலேயே பொது மருத்துவர்கள் இதனைக் கைவிட்டனர். ஆயினும் பிற நாடுகளில் ஆய்வு நிற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஒன்று 1998 இல், தக்க நோயாளர்க்குத் தக்க வல்லுநர் அளித்தால் இது பயனுடைய சிகிச்சையே என்று ஏற்றது. மூன்று நான்கு ஆண்டுகள் முறையாகப் பெற்றவர்க்கு, நிறுத்திய பின்னும் சில ஆண்டுகள் பயன் நீடிப்பது 1999 இல் இலண்டன் ஆய்வொன்றால் தெளிவாயிற்று. சாதாரண ஒவ்வாமை மாத்திரைகள் நோய்க்குறியை அடக்குவனவே. நோயின் போக்கையே மாற்றுவது இச்சிகிச்சை ஒன்றே என்னும் சிறப்பு இதனாலேயே கூறப்படுகிறது.

நம் பால்மரத்தின் கதை

இனி நம் மண்ணுக்கு வருவோம். பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876 இல் கொண்டு சென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் நாற்றுகள் 1877 இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது சுங்கை சிப்புட்டுக்கு அண்மையிலுள்ள கோலாகங்சாரில் நடப்பட்டன. நம் மக்கள் கடல் கடந்து வந்ததும், விடியுமுன் பெரட்டுக்கு நின்றதும், உளியும் வாளியும் சுமந்து நிரை நிரையாக மரம் வெட்டியதும், லயங்களில் பிள்ளைகளை வளர்த்துத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதும் அவ்வொன்பது நாற்றுகளின் வழிவந்த வரலாறு.

கோலாகங்சாரில் அம்மரங்கள் இன்னும் இளமரங்களாய் நின்ற காலத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு தாதியின் கைகள், அறுவை அறையில் பயன்பட்ட பாதரசக் கலவையால் புண்பட்டன. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1889-1890 குளிர்காலத்தில் குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்து அவருக்கு அளித்தார். தோல் நோயிலிருந்து ஒரு தாதியைக் காக்கப் பிறந்ததே மருத்துவக் கையுறை. ஒரு நூற்றாண்டு கழித்து அதே கையுறை தாதியர் பலருக்கு நோய் தரலாயிற்று என்பது வரலாற்றின் விந்தை.

மங்கில் வடியும் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர். ஒன்றிரண்டு பங்கு புரதங்கள். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளவும் பூஞ்சையை எதிர்க்கவும் வைத்துள்ள பொருள்கள் அப்புரதங்களுள் அடங்கும். ரப்பர் எவர்க்கும் ஒவ்வாமை தருவதில்லை. அதனோடு ஒட்டிவரும் புரதங்களே தருகின்றன. மரத்தின் அறிவியற் பெயரான "ஹெவியா பிரசிலியென்சிஸ்" என்பதிலிருந்து "ஹெவ் பி 1" தொடங்கி "ஹெவ் பி 15" வரை அவை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஈண்டு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பாலை உறையச் செய்யும் ஃபார்மிக் அமிலமும், உறையாமற் காக்கும் அம்மோனியாவும் பட்டால் எவர் தோலும் எரியும்; அஃது எரிச்சல். ஒவ்வாமையோ சிலரை மட்டுமே, அவர் உடலின் நினைவாற்றலால் தாக்குவது.

பிரிட்டனில் 1979 இல் நட்டர் என்னும் மருத்துவர், ரப்பர் கையுறை அணிந்ததும் கை தடித்து அரித்த ஒருவரைப் பற்றி எழுதினார். அப்போது அஃது ஓர் அரிய செய்தி. எய்ட்ஸ் நோய் 1981 இல் வெளிப்பட்டு, 1987 இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் எல்லா நோயாளரிடத்தும் கையுறை அணிய வற்புறுத்தியதும் நிலைமை மாறியது. உலகெங்கும் கையுறைக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. நம் நாட்டில் புதிய தொழிற்சாலைகள் விரைந்து எழுந்தன. விரைவில் செய்த பொருளில் புரதத்தைக் கழுவி நீக்கும் வேலை குறைந்தது. எளிதாக அணிவதற்காகத் தூவிய சோளமாவுத்தூள், புரதத்தைச் சுமந்து அறைக்காற்றிற் கலந்தது. மேலைநாடுகளில் சில ஆய்வுகளின்படி மருத்துவப் பணியாளருள் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இதற்கு உணர்வுற்றவராயினர். பிறவியிலேயே முதுகெலும்புக் குறையுற்று அடிக்கடி அறுவைக்குள்ளான குழந்தைகள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். மருத்துவச் சோதனைக் கருவியிலிருந்த ரப்பர்ப் பகுதியால் உயிரிழப்புகளும் நேர்ந்ததால் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 1991 இல் எச்சரிக்கை விடுத்தது. வாழைப்பழமும் பப்பாளியும் வெண்ணெய்ப்பழமும் இவர்களுட் சிலர்க்கு ஒவ்வாமற் போயின; அப்பழங்களிலும் ரப்பர்ப் பாலின் புரதங்களை ஒத்த புரதங்கள் உள்ளமையே காரணம்.

விடை எங்கிருந்து வந்தது?

வைக்கோல் காய்ச்சலுக்குச் செய்தது போலவே இதற்கும் செய்தாலென்ன என்று மருத்துவர்கள் எண்ணியது இயல்பே. ரப்பர்ப் பாலின் புரதச்சாற்றைக் கொண்டு பிரான்சில் 17 பேரிடம் நடந்த முறையான சோதனையின் முடிவு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூக்கு, கண், தோல் ஆகியவற்றின் தொல்லைகள் குறைந்தன. ஆனால் ஊசியால் உடல் முழுவதும் தாக்கும் எதிர்வினைகளும் எழுந்தன. நாவின்கீழ்த் துளியிடும் முறையையும் இத்தாலி, ஸ்பெயின் நாட்டார் ஆராய்ந்தனர். எனினும் இச்சிகிச்சை பொதுவழக்காக வேரூன்றவில்லை.

உண்மையான விடை மருத்துவமனையிலன்று, தொழிற்சாலையிற் கிடைத்தது. சுடுநீரில் நன்கு அலசுதல், குளோரின் கொண்டு பக்குவப்படுத்துதல், தூளை அறவே விடுதல் ஆகியவற்றால் கையுறையின் புரதம் பெரிதும் குறைந்தது. 1925 இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் இப்புரதங்களை இனங்காண்பதிலும் அளப்பதிலும் உலக அளவில் பங்காற்றினர்; 1998 இல் மலேசிய ரப்பர் வாரியம் அமைந்தபின்னும் அப்பணி தொடர்ந்தது. தரக்கட்டுப்பாடு வந்தது. ஜெர்மனியில் 1990களின் பிற்பகுதியில் தூளிட்ட ரப்பர்க் கையுறைகளை மருத்துவப் பணியிடங்களிலிருந்து விலக்கியதும், பணியாளரிடையே புதிய ஒவ்வாமை நிகழ்வுகள் விரைந்து குறைந்தன. அமெரிக்காவும் 2017 ஜனவரி முதல் தூளிட்ட மருத்துவக் கையுறைகளைத் தடைசெய்தது. செயற்கைப் பொருளாகிய நைட்ரைல் கையுறை பெருகியது. உலகக் கையுறைத் தேவையிற் பாதிக்கு மேல் வழங்கும் நாடாக 2020 அளவில் மலேசியா விளங்கியபோது, அவற்றுட் பெரும்பகுதி மரப்பாலால் ஆனவையல்ல.

இதனால் சிறு உடைமையாளருக்கும் பால்வெட்டுவோருக்கும் நேர்ந்த இழப்பு தனியே எழுதத்தக்கது. மருத்துவ வரலாறு தரும் பாடம் மட்டும் இங்கே நமக்குரியது: காரணத்தையே களையக்கூடிய இடத்தில், நோயாளர் உடலைப் பழக்குவது முதல் வழியன்று. ஆயிரம் தாதியர்க்கு ஆண்டுக்கணக்கில் ஊசி போடுவதைவிட ஒரு தொழிற்சாலையில் நீரை நன்றாகக் கொதிக்கவைப்பது மேல்.

விலக்க முடியாத தூசி

ஆனால் எல்லாக் காரணங்களும் தொழிற்சாலையில் அலசி நீக்கக்கூடியவை அல்ல. நம் நாட்டில் மூக்கடைப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் பெருங்காரணமான தூசி உண்ணி அத்தகையது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீளமுள்ள இச்சிற்றுயிர் மெத்தையிலும் தலையணையிலும் வாழ்ந்து, நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களைத் தின்கிறது. வீட்டுத்தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இதுவே காரணம் என்பதை 1960களின் நடுவில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர் நிறுவினர். அதன் எச்சத்திலேயே ஒவ்வாமைப் புரதம் மிகுந்துள்ளது என்பது 1981 இல் தெரிந்தது. காற்றின் ஈரத்தையே பருகி வாழ்வதால், ஆண்டு முழுதும் ஈரம் நிறைந்த நம் நாடு அதற்கு ஏற்ற இல்லம். வெப்பநாடுகளுக்கே உரிய "புளோமியா டிராபிக்காலிஸ்" என்னும் மற்றோர் உண்ணியும் மலேசிய வீடுகளில் மிகுதி. பழைய இலவம்பஞ்சு மெத்தை, பலர் சேர்ந்துறங்கும் அறை, வெயில் காணாத போர்வை ஆகிய யாவும் அதற்கு விருந்து. துணிகளை 60 பாகை சுடுநீரில் துவைத்தலும் மெத்தைக்கு நெருக்கமான உறையிடுதலும் நன்றே. ஆயினும் அதை அடியோடு ஒழித்தல் இயலாது.

இங்கேதான் தடுப்பாற்றல் சிகிச்சை தனக்குரிய இடத்தைப் பெறுகிறது. தோற்சோதனையாலோ குருதிச் சோதனையாலோ காரணத்தை உறுதிசெய்த பின்னரே தொடங்குவர். ஊசியாயின் முதலில் வாரந்தோறும் அளவைக் கூட்டி, பின்னர் மாதம் ஒருமுறையாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்வர். ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் குறைந்தது அரைமணி நேரம் மருத்துவர் கண்முன் இருத்தல் வேண்டும். நாவின்கீழ் இடும் துளிகளும் மாத்திரைகளும் வீட்டிலேயே நாள்தோறும் கொள்ளத்தக்கவை; முதல் அளவை மட்டும் மருத்துவர் முன்னிலையிற் கொள்வர். தூசி உண்ணிக்கான மாத்திரையை ஐரோப்பிய நாடுகள் 2015 முதலும் அமெரிக்கா 2017 இலும் ஏற்றன. நம் நாட்டிலும் வல்லுநர் உள்ள சில மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கிடைக்கிறது. கட்டுக்குள் அடங்காத ஆஸ்துமா உடையார்க்கு இது தகாது. பொறுமையும் பொருளும் நெடுங்காலம் வேண்டும் என்பதால், இடையில் நிறுத்துவோரும் பலர்.

ஆசிரியர் அறிய வேண்டுவன

இவ்வரலாறு ஏட்டோடு நின்றுவிடத் தக்கதன்று. காலை வகுப்பில் தொடர்ந்து தும்மும் மாணவனைச் சளிப்பிள்ளை என்று ஒதுக்குகிறோம். இரவெல்லாம் மூக்கடைத்து உறங்காத பிள்ளை பாடத்தில் கண்ணயர்ந்தால் சோம்பேறி என்கிறோம். பல ஆண்டு ஆசிரியப் பணியில் இத்தகைய பிள்ளைகளை நான் எல்லா வகுப்பிலும் கண்டிருக்கிறேன். பெற்றோரை அழைத்து, மருத்துவரிடம் காரணம் அறியச் சொல்வது நம் முதற்பணி. பிள்ளைக்கு எது ஒவ்வாது என்பதை வகுப்பாசிரியரும் சிற்றுண்டிச்சாலை நடத்துநரும் அறிந்திருத்தல் அடுத்த பணி.

அதனினும் இன்றியமையாத ஒன்று உண்டு. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று இறாலையும் வேர்க்கடலையையும் முட்டையையும் ஒவ்வாத பிள்ளைக்கு ஊட்டிப் பார்க்கும் வழக்கம் நம்மவரிடையே உள்ளது. கேள்விப்பட்ட ஒரு சிகிச்சையின் நிழலைப் பிடித்துக்கொண்டு உயிரோடு விளையாடுவது அது. அமெரிக்காவில் 2020 இல் வேர்க்கடலை ஒவ்வாமைக்கு ஒரு மருந்துத்தூள் ஏற்கப்பட்டது உண்மையே. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் தொடங்கி உயர்த்தப்படுவது. ரிஷேயின் நாயும், 1986 இன் அறிக்கையும் அளவறியாக் கைக்கு எச்சரிக்கைகள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை அறிந்த நமக்கு, நஞ்சையும் மருந்தாக்குவது அளவே என்பதை விளக்குதல் அரிதன்று.

பால்வெட்டிய பாட்டியின் பேத்தி இன்று ஈப்போவிலோ தைப்பிங்கிலோ மருத்துவமனையில் கையுறை அணிந்து நிற்கிறாள். நாளை அவள் வழிவந்த பிள்ளை ஒவ்வாமை மருத்துவத்தில் வல்லுநராகலாம். அப்பிள்ளை முதலில் அமர்வது நம் வகுப்பறையில். விலக்கக்கூடியதை விலக்கவும், விலக்க இயலாததற்கு உடலை அளவறிந்து பழக்கவும், இவ்விரண்டுள் எது எங்கே பொருந்தும் என்பதைச் சான்று கேட்டுத் தேரவும் அப்பிள்ளைக்குத் தமிழிலேயே கற்பித்தல் நம்மால் இயலும். நம் கடமையும் அதுவே.